மேக்ஃபைலில் நிபந்தனை தப்பாகப் போனால்: எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

நிரலைக் கட்டித் தரும் கருவி மேக்; எதை, எப்படிக் கட்டுவது என்று அதற்குச் சொல்லும் கோப்பு மேக்ஃபைல். டெர்மினலில் 'மேக் டீபக்=1' என்று தட்டுகிறீர்கள். பில்ட், அதாவது நிரலைக் கட்டும் வேலை, சத்தமில்லாமல் முடிகிறது. ஆனால் நிரலை டீபக்கரில் திறந்தால் வரி எண்களே தெரியவில்லை. டீபக் தகவலைச் சேர்க்கச் சொல்லும் '-ஜி' என்ற கொடி கம்பைலருக்குப் போகவே இல்லை. மேக்ஃபைலைத் திறந்தால் நிபந்தனை சரியாகத்தான் இருப்பதுபோல் தெரிகிறது.

பில்ட் கோப்புகளில் வரும் பிழைகளில் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த வகைதான். நிபந்தனை பொய்யானால் மேக் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும், ஒரு வார்த்தை சொல்லாது. அதனால் நிபந்தனை வரியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அந்த வரியைப் படித்த கணத்தில் மேக்கின் கையில் என்ன எழுத்துகள் இருந்தன, அவற்றை யார் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அதற்கான வழிகள்தான்.

இங்கே பேசுவது குனு மேக் பற்றி. ஆணைச்சொற்களையும் மாறிகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நிபந்தனைக்கு நான்கு சொற்கள்: இரண்டு எழுத்துச்சரங்கள் ஒன்றா என்று கேட்பது 'இஃப்ஈக்யூ', ஒன்றில்லையா என்று கேட்பது 'இஃப்என்ஈக்யூ', மாறிக்கு மதிப்பு உண்டா என்று கேட்பது 'இஃப்டெஃப்', இல்லையா என்று கேட்பது 'இஃப்என்டெஃப்'. முடிக்க 'எண்டிஃப்'. முதல் இரண்டும் ஆணைச்சொல், பிறகு ஒரு ஸ்பேஸ், பிறகு அடைப்புக்குறி என்ற அமைப்பில் வரும்.

எந்த மேக், எந்தக் கோப்பு?

முதலில் 'மேக் --வெர்ஷன்' தட்டுங்கள். மேக்ஓஎஸ்ஸில் ஆப்பிள் தரும் மேக் 3.81, அது 2006இல் வந்த பதிப்பு. லினக்ஸில் பெரும்பாலும் 4ஆம் வரிசை இருக்கும். கீழே சொல்லும் '--டிரேஸ்' 4.0இல்தான் வந்தது, 3.81இல் கிடையாது. மேக்ஓஎஸ்ஸில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வழியாகப் புதிய மேக்கை நிறுவினால் அது 'ஜிமேக்' என்ற பெயரில் வரும். 'மேக்' என்று மட்டும் தட்டினால் பழையதுதான் ஓடும்.

அடுத்து, மேக் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். 'குனுமேக்ஃபைல்', சிறிய எழுத்தில் தொடங்கும் 'மேக்ஃபைல்', பெரிய எழுத்தில் தொடங்கும் 'மேக்ஃபைல்' என்ற வரிசையில் அது தேடும், முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். நீங்கள் மூன்றாவதைத் திருத்திக்கொண்டிருக்க, அதே அடைவில் முதலாவது இருந்தால் உங்கள் திருத்தம் எதுவும் எடுபடாது. சோதிக்க ஒரு வரி போதும். கோப்பின் முதல் வரியாக இதைப் போடுங்கள்:

    $(எரர் இங்கே வந்தேன்)

மேக் ஓடி உடனே நின்றால் சரியான கோப்பு. நிற்கவில்லை என்றால் வேறு கோப்பு படிக்கப்படுகிறது. சரிபார்த்ததும் வரியை எடுத்துவிடுங்கள்.

மேக்கின் இரண்டு கட்டங்கள்

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக வேண்டாம். மேக் முதலில் கோப்பு முழுவதையும் மேலிருந்து கீழாகப் படிக்கும். 'இன்க்ளூட்' செய்த, அதாவது உள்ளே சேர்க்கச் சொன்ன, கோப்புகளையும் அந்தந்த இடத்தில் படித்துவிடும். மாறிகள் பதிவாவதும், விதிகள் பதிவாவதும், நிபந்தனைகள் முடிவாவதும் இந்தக் கட்டத்தில்தான். படித்து முடித்த பிறகே எந்த டார்கெட்டை (கட்ட வேண்டிய இலக்கை) எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கான ரெசிபிகளை (கட்டும் கட்டளைகளை) ஷெல்லுக்கு அனுப்பும்.

ஆக, இஃப்ஈக்யூ முடிவாகும் நேரத்தில் எந்த டார்கெட்டும் கட்டப்படத் தொடங்கவில்லை. கட்டப்படும் டார்கெட்டின் பெயரைத் தரும் '$@' போன்ற தானியங்கி மாறிகள் அப்போது வெறுமையாக இருக்கும். ரெசிபிக்கு நடுவே '$@' ஒரு குறிப்பிட்ட கோப்புக்குச் சமமா என்று இஃப்ஈக்யூவில் கேட்டால் பதில் எப்போதும் 'இல்லை'. நிபந்தனைக்குக் கீழே வரையறுத்த மாறியும் அதன் கண்ணுக்குத் தெரியாது. '=' போட்ட மாறியைப் பயன்படுத்தும்போதுதான் மேக் விரிக்கும் (அதாவது '$(...)' இருக்கும் இடத்தில் மதிப்பை வைக்கும்), ஆகவே முன்பின் வரிசை முக்கியமில்லை என்று படித்திருப்பீர்கள். ரெசிபியைப் பொறுத்தவரை அது உண்மை. நிபந்தனையைப் பொறுத்தவரை அந்த வரிதான் 'பயன்படுத்தும் நேரம்'. அமைப்புக் கோப்பை இன்க்ளூட் செய்யும் வரி நிபந்தனைக்குக் கீழே இருந்தால், அதை மேலே நகர்த்துவதுதான் முழுத் தீர்வு.

சந்தேக வரிக்கு மேலே ஒரு வார்னிங்

இப்போது வேலையைத் தொடங்கலாம். தகராறு செய்யும் நிபந்தனைக்கு நேர் மேலே, வரியின் தொடக்கத்தில் டேப் இல்லாமல், இதைச் சேருங்கள்:

    $(வார்னிங் டீபக்=[$(டீபக்)] மூலம்=$(ஆரிஜின் டீபக்))

'இன்ஃபோ' என்ற சார்பும் (ஃபங்ஷன்) அச்சிடும். ஆனால் 'வார்னிங்' கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சேர்த்தே அச்சிடும். பத்து கோப்புகள் இன்க்ளூட் ஆகும் திட்டத்தில் அந்த எண் இல்லாமல் வேலைக்காகாது. சதுர அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். மதிப்பின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்பேஸ் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான்: [1] வேறு, [1 ] வேறு.

இரண்டாவது வார்னிங்கை நிபந்தனையின் உள்ளே போடுங்கள், மூன்றாவதை 'எல்ஸ்' பகுதியில். எந்தக் கிளை எடுக்கப்பட்டது என்று ஊகிக்க வேண்டியிருக்காது. முதல் வார்னிங்கே வரவில்லை என்றால், அந்த வரி வேறொரு பொய்யான நிபந்தனைக்குள் சிக்கியிருக்கிறது. ஒரு படி மேலே போய் அங்கே வார்னிங் வையுங்கள்.

'ஆரிஜின்' தரும் பதில்தான் பாதி நோயைச் சொல்லிவிடும். 'அன்டிஃபைன்ட்' என்றால் அந்தப் பெயரில் மாறியே இல்லை. பெயரில் எழுத்துப்பிழை, அல்லது வரையறை இன்னும் கீழே இருக்கிறது. 'ஃபைல்' என்றால் ஏதோ ஒரு மேக்ஃபைலில் வரையறுத்தது. 'கமாண்ட் லைன்' என்றால் நீங்கள் தட்டியது. 'என்விரான்மென்ட்' என்றால் ஷெல்லின் சூழலிலிருந்து வந்தது. 'டிஃபால்ட்' என்றால் மேக் தானே வைத்துக்கொண்டிருப்பது.

வார்னிங் வைக்க முடியாத பெரிய திட்டம் என்றால், கட்டளைகளை ஓட்டாமல் காட்ட மட்டும் செய்யும் டிரை-ரன்னோடு மேக்கின் தரவுத்தளத்தை அச்சிடலாம்:

    மேக் --டிரை-ரன் --பிரின்ட்-டேட்டா-பேஸ் டீபக்=1 > பட்டியல்

இதில் ஒவ்வொரு மாறிக்கும் மேலே ஒரு குறிப்பு வரி இருக்கும். மேக்ஃபைலில் வரையறுத்த மாறி என்றால் கோப்பின் பெயரும் வரி எண்ணும் அதில் கிடைக்கும். டீபக்=1 உடன் ஒரு பட்டியல், இல்லாமல் ஒரு பட்டியல் எடுத்து, 'டிஃப்' கட்டளையில் ஒப்பிட்டால் அந்த ஒரு மாற்றம் எத்தனை மாறிகளைத் தொட்டது என்று தெரிந்துவிடும். டீபக்கையும் மேக்கின் உள் விவரங்களையும் தவிர வேறெதுவும் மாறவில்லை என்றால் டீபக் எந்த நிபந்தனையையும் மாற்றவில்லை. ஒரு எச்சரிக்கை: டிரை-ரன் என்றாலும் '$(ஷெல் ...)' சார்புகள் உண்மையாகவே ஓடும், '$(மேக்)' உள்ள ரெசிபி வரிகளும் ஓடும்.

'--வார்ன்-அன்டிஃபைன்ட்-வேரியபிள்ஸ்' என்ற விருப்பத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெயரை ஓர் எழுத்து மாற்றித் தட்டியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

ஸ்பேஸும் மேற்கோள் குறியும்

இனி காரணங்கள். அதிகம் அகப்படுவதிலிருந்து தொடங்குவோம்.

    வகை = ரிலீஸ்   # வெளியீட்டுக்கு
    இஃப்ஈக்யூ ($(வகை),ரிலீஸ்)

இந்த நிபந்தனை பொய். '=' குறிக்குப் பின்னால் வரும் ஸ்பேஸை மேக் நீக்கிவிடும், மதிப்புக்குப் பின்னால் வருவதை நீக்காது. '#' தொடங்கும் இடம் வரைக்கும் உள்ள மூன்று ஸ்பேஸும் மதிப்பில் சேர்ந்துவிட்டன. ஒப்பீடு எழுத்துக்கு எழுத்து நடப்பதால் 'ரிலீஸ்' வேறு, 'ரிலீஸ்' கூட மூன்று ஸ்பேஸ் வேறு. குறிப்புரையைத் தனி வரியில் எழுதுங்கள். உங்கள் கையில் இல்லாத கோப்பிலிருந்து வரும் மதிப்பு என்றால் '$(ஸ்ட்ரிப் $(வகை))' என்று சுற்றி எழுதுங்கள். முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸ் போய்விடும்.

நிபந்தனை வரியின் அடைப்புக்குறிக்குள்ளும் இதே தொல்லை உண்டு. காற்புள்ளிக்குப் பின்னால் வரும் ஸ்பேஸை மேக் பொறுத்துக்கொள்ளும். திறக்கும் அடைப்புக்குறியை ஒட்டியோ மூடும் அடைப்புக்குறிக்கு முன்னாலோ விட்டால் அது ஒப்பீட்டில் சேர்ந்துவிடும். எங்கே மன்னிப்பு, எங்கே இல்லை என்று நினைவில் வைத்துக்கொள்வதைவிட அடைப்புக்குறிக்குள் ஸ்பேஸே விடாமல் எழுதிப் பழகுங்கள். ஆனால் ஆணைச்சொல்லுக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஸ்பேஸ் கட்டாயம். அதை விட்டால் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்ற பிழை வரும்.

ஷெல்லிலிருந்தும் பைத்தானிலிருந்தும் வருபவர்கள் மேற்கோள் குறியில் மாட்டிக்கொள்வார்கள். விண்டோஸில் 'ஓஎஸ்' என்ற சூழல் மாறி 'விண்டோஸ்_என்டி' என்ற மதிப்போடு இருக்கும். அதைச் சோதிக்கும்போது

    இஃப்ஈக்யூ ($(ஓஎஸ்),"விண்டோஸ்_என்டி")

என்று எழுதினால் அது ஒருபோதும் மெய்யாகாது. அடைப்புக்குறி வடிவத்தில் மேற்கோள் குறியும் ஓர் எழுத்துதான், மேக் அதையும் சேர்த்தே ஒப்பிடும். குறியை எடுத்துவிடுங்கள்.

இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டிய வரியில் சாதாரண ஸ்பேஸுக்குப் பதிலாக உடையா ஸ்பேஸ் வந்து உட்கார்ந்திருக்கும். திரையில் வித்தியாசம் தெரியாது. 'கேட் -வீஇடி மேக்ஃபைல்' என்று ஓட்டினால், அதாவது வி, இ, டி மூன்று எழுத்தும் சேர்த்து, டேப் '^ஐ' என்றும் வரியின் முடிவு '$' என்றும், உடையா ஸ்பேஸ் விசித்திர எழுத்துக் கூட்டமாகவும் தெரியும். '$' குறிக்கு முன்னால் இடைவெளி இருந்தால் அதுதான் வால் ஸ்பேஸ்.

இஃப்டெஃப் கேட்பது வேறு கேள்வி

'மேக் டீபக்=0' என்று தட்டி டீபக்கை நிறுத்த நினைப்பவர்கள் ஏராளம். நிபந்தனை 'இஃப்டெஃப் டீபக்' என்றிருந்தால் 0 என்பதும் மதிப்புதான், நிபந்தனை மெய். '$(இஃப் $(டீபக்),...)' என்ற சார்பும் அப்படியே: வெறுமை இல்லாத எதுவும் மெய். 0, 'நோ', 'ஃபால்ஸ்' எல்லாமே மெய். அந்த வகைக் கோப்பில் நிறுத்த வேண்டுமானால் 'மேக் டீபக்=' என்று வெறுமையாக விட வேண்டும்.

இஃப்டெஃப்புக்குப் பின்னால் மாறியின் பெயர் வர வேண்டும், '$( )' போட்ட மதிப்பு வரக் கூடாது. 'இஃப்டெஃப் $(டீபக்)' என்று எழுதி டீபக்=1 கொடுத்தால், '1' என்ற பெயரில் ஒரு மாறி உண்டா என்று மேக் தேடும். இல்லை. பொய்.

மூன்றாவது சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. இஃப்டெஃப் மதிப்பை விரித்துப் பார்ப்பதில்லை.

    கூடுதல் =
    கொடிகள் = $(கூடுதல்)
    இஃப்டெஃப் கொடிகள்

'கொடிகள்' விரிந்தால் வெறுமைதான், ஆனாலும் நிபந்தனை மெய். எழுதி வைத்திருக்கும் உரை வெறுமையில்லை என்பது மட்டுமே அதற்குப் போதும். விரிந்த பிறகு வெறுமையா என்று கேட்க வேண்டுமானால் 'இஃப்என்ஈக்யூ ($(ஸ்ட்ரிப் $(கொடிகள்)),)' என்று எழுதுங்கள்.

இந்த மூன்றையும் ஒரே வீச்சில் தவிர்க்க, ஆம்-இல்லை மாறிகளுக்கு இஃப்டெஃப்பைக் கைவிடுவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. எந்தெந்தச் சொல்லை 'ஆம்' என்று ஏற்போம் என்பதை வெளிப்படையாக எழுதிவிடலாம் (':=' மதிப்பை உடனே விரித்து வைக்கும், சிஃப்ளாக்ஸ் கம்பைலர் கொடிகளுக்கான மாறி, '+=' அதில் சேர்க்கும், '-ஓ0', '-ஓ2' போன்றவை கம்பைலர் நிரலை எவ்வளவு செம்மைப்படுத்த வேண்டும் என்று சொல்பவை):

    டீபக்_உண்டு := $(ஃபில்டர் 1 யெஸ் ட்ரூ ஆன்,$(டீபக்))
    இஃப்என்ஈக்யூ ($(டீபக்_உண்டு),)
    சிஃப்ளாக்ஸ் += -ஜி -ஓ0
    எண்டிஃப்

'ஃபில்டர்' மதிப்பைச் சொற்களாகப் பிரித்து, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் தருவதால் வால் ஸ்பேஸும் அதைத் தடுமாறச் செய்யாது. 0 கொடுத்தால் பொய், வெறுமையும் பொய்.

மதிப்பை வைத்தது யார்?

ஒரே மாறிக்குப் பலர் மதிப்பு தரலாம். முன்னுரிமை இப்படி: கட்டளை வரியில் தட்டியது மேக்ஃபைலில் எழுதியதை வெல்லும், மேக்ஃபைலில் எழுதியது சூழல் மாறியை வெல்லும், சூழல் மாறி மேக்கின் உள்ளமை மதிப்பை வெல்லும். '--என்விரான்மென்ட்-ஓவர்ரைட்ஸ்' கொடுத்தால் சூழல் மாறி மேக்ஃபைலை முந்திவிடும்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'மேக் டீபக்=1 சிஃப்ளாக்ஸ்=-ஓ2' என்று தட்டுகிறீர்கள். நிபந்தனை மெய், உள்ளே வைத்த வார்னிங்கும் அச்சாகிறது, ஆனாலும் '-ஜி' சேரவில்லை. காரணம், சிஃப்ளாக்ஸ் கட்டளை வரியிலிருந்து வந்தது; மேக்ஃபைலுக்குள் அதற்குச் செய்யும் '=' மட்டுமல்ல, '+=' கூடச் சத்தமின்றிப் புறக்கணிக்கப்படும். நிபந்தனையைக் குறை சொல்லிப் பயனில்லை. 'ஓவர்ரைடு சிஃப்ளாக்ஸ் += -ஜி' என்று எழுதினால் சேரும். அதைவிடச் சுத்தமான வழி, திட்டத்துக்குக் கட்டாயமான கொடிகளை வேறொரு மாறியில் வைத்து ரெசிபியில் இரண்டையும் போடுவது. சிஃப்ளாக்ஸைப் பயனருக்கு விட்டுவிடலாம்.

'?=' என்பது மாறி வரையறுக்கப்படாமல் இருந்தால் மட்டுமே மதிப்பு தரும். சூழலில் அந்தப் பெயர் வெறுமையாக ஏற்றுமதியாகியிருந்தாலும் 'வரையறுக்கப்பட்டது' என்றே கணக்கு. 'சிசி ?= ஜிசிசி' எதுவும் செய்யாது: கம்பைலரின் பெயரை வைக்கும் சிசி என்ற மாறிக்கு மேக் ஏற்கெனவே 'சிசி' என்ற கட்டளைப் பெயரை உள்ளே வைத்திருக்கிறது. யாரும் மதிப்பு தராவிட்டாலும் 'இஃப்டெஃப் சிசி' மெய் என்பதற்கும் அதுதான் காரணம். பயனர் தராவிட்டால் மட்டும் மாற்ற விரும்பினால் ஆரிஜினைக் கேளுங்கள்:

    இஃப்ஈக்யூ ($(ஆரிஜின் சிசி),டிஃபால்ட்)
    சிசி := ஜிசிசி
    எண்டிஃப்

ஒருவர் கணினியில் ஓடுவது இன்னொருவர் கணினியில் ஓடாமல் போனால் முதலில் சூழல் மாறிகளைச் சந்தேகியுங்கள். 'டீபக்' என்ற பொதுப்பெயரை நோட்.ஜேஎஸ் உலகில் பல நிரல்கள் தங்கள் பதிவுகளைக் காட்டப் பயன்படுத்துகின்றன. அதை யாராவது ஷெல் அமைப்பில் ஏற்றுமதி செய்திருந்தால் உங்கள் மேக்ஃபைலுக்குள்ளும் அது வந்துவிடும். 'என்வ் -யூ டீபக் மேக்' என்று அதை நீக்கி ஓட்டிப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, திட்டத்தின் பெயரை முன்னொட்டாகச் சேர்த்து மாறிக்குப் பெயர் வைப்பது.

உள்அடைவுகளில் '$(மேக்) -சி' என்று துணை மேக் ஓடினால் கட்டளை வரி மாறிகள் தாமாகவே கூடப் போகும். மேக்ஃபைலுக்குள் வரையறுத்தவை போகாது. 'எக்ஸ்போர்ட் டீபக்' என்று எழுத வேண்டும். மேல் அடைவில் மெய்யாகும் நிபந்தனை உள்அடைவில் பொய்யானால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டார்கெட்டுக்கு மட்டும் வைத்த மாறி

    டீபக்: வகை = டீபக்
    டீபக்: ஆல்

    இஃப்ஈக்யூ ($(வகை),டீபக்)
    சிஃப்ளாக்ஸ் += -ஜி
    எண்டிஃப்

அர்த்தமுள்ளதாகத் தெரிகிறது, வேலை செய்யாது. முதல் வரியில் உள்ளது டார்கெட்டுக்கே உரிய மாறி. டார்கெட்டைக் கட்டும் இரண்டாம் கட்டத்தில்தான் அது உயிர்பெறும். நிபந்தனையோ முதல் கட்டத்திலேயே முடிந்துபோனது. நிபந்தனையைத் தூக்கிவிட்டு 'டீபக்: சிஃப்ளாக்ஸ் += -ஜி' என்று நேரடியாக எழுதுங்கள். அந்த மதிப்பு 'டீபக்' டார்கெட்டுக்குத் தேவையான கோப்புகளைக் கட்டும்போதும் செல்லும்.

என்ன டார்கெட் தட்டப்பட்டது என்பதைப் படிக்கும் கட்டத்திலேயே அறிய 'மேக்சிஎம்டிகோல்ஸ்' என்ற மாறி உண்டு. அதை இஃப்ஈக்யூவில் 'க்ளீன்' உடன் ஒப்பிட்டால், 'மேக் க்ளீன் ஆல்' என்று தட்டும்போது ஒப்பீடு தவறும்; மதிப்பு இரண்டு சொற்களாக இருக்கும். இங்கும் ஃபில்டரே ஏற்றது.

இயங்குதளம், கட்டமைப்பு, எண்கள்

'$(ஷெல் யூநேம் -எம்)' தரும் கட்டமைப்புப் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒரே 64 பிட் ஆர்ம் கட்டமைப்பை லினக்ஸ் 'ஏஆர்ச்64' என்று சொல்லும், ஆப்பிள் சிலிக்கான் மேக்ஓஎஸ் 'ஆர்ம்64' என்று சொல்லும். ஒன்றை மட்டும் எழுதினால் மற்றதில் நிபந்தனை பொய்யாகும். ஃபில்டரில் இரண்டையும் எழுதுங்கள். 'ஃபைண்ட்ஸ்ட்ரிங்' என்ற சார்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது சொல்லுக்குள் ஒரு துண்டு கிடைத்தாலே மெய் என்றுவிடும். 'எக்ஸ்86' என்று தேடினால் 'எக்ஸ்86_64' உம் அகப்படும்.

ஷெல் கட்டளை தோற்றால் அந்தச் சார்பு பெரும்பாலும் வெறுமையைத் திருப்பும், பில்ட் தொடரும். ஆகவே மதிப்பை ஒருமுறை ':=' இல் பிடித்து, வெறுமையானால் எரர் போட்டு நிறுத்துங்கள்.

மேக்குக்கு எண் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். 4.10 பெரியதா 4.9 பெரியதா என்று அதனிடம் கேட்க முடியாது. முழு எண்களை ஒப்பிட 'இன்ட்சிஎம்பி' என்ற சார்பு 2022இல் வந்த 4.4 பதிப்பில் சேர்ந்தது. பழைய பதிப்புகளிலும் ஓட வேண்டுமானால் ஷெல்லிடம் ஒப்பீட்டை ஒப்படைத்து, விடையாக 1 அல்லது வெறுமையை வாங்கிக்கொள்ளுங்கள்.

டேப், ஷெல், ரெசிபி

விதிக்குக் கீழே டேப்பில் தொடங்கும் வரி ரெசிபி, அது ஷெல்லுக்குப் போகும். இஃப்ஈக்யூவுக்கு முன்னால் டேப் இருந்தால் மேக் அதை நிபந்தனையாகப் பார்க்காது. ஷெல்தான் அப்படி ஒரு கட்டளை இல்லை என்றோ, அடைப்புக்குறியில் தொடரியல் பிழை என்றோ கத்தும். உள்தள்ளல் வேண்டுமானால் ஸ்பேஸ் போடுங்கள்.

இரண்டாம் கட்டத்தில்தான் தெரியும் விஷயத்தை, உதாரணமாக ஒரு கோப்பு அந்த நேரத்தில் இருக்கிறதா என்பதை, ஷெல்லின் 'இஃப்' கொண்டு ரெசிபிக்குள் சோதிக்க வேண்டும். ரெசிபியின் ஒவ்வொரு வரியும் தனித்தனி ஷெல்லில் ஓடுவதால் 'இஃப்' முதல் 'ஃபி' வரை பின்சாய்கோடு போட்டு ஒரே வரியாக்குங்கள். ஷெல் மாறிக்கு '$$' எழுதுங்கள். ஒற்றை '$' போட்டால் மேக்கே அதை விழுங்கிவிடும்.

மேக் பயன்படுத்துவது '/பின்/எஸ்ஹெச்'. உபுண்டுவில் 2006இன் 6.10 பதிப்பு முதல் அது டாஷ் என்ற எளிய ஷெல், பலர் பழகிய பாஷ் அல்ல. சதுர அடைப்புக்குறிச் சோதனையில் '==' போட்டால் டாஷ் அதை ஏற்காது; ஒற்றை '=' போடுங்கள். மதிப்பை மேற்கோள் குறிக்குள் வையுங்கள் (இங்கே குறி தேவை, இஃப்ஈக்யூவில்தான் கூடாது). மதிப்பு வெறுமையாகி, குறியும் இல்லாவிட்டால் சோதனைக் கட்டளை பிழை சொல்லும், ஷெல் அதைப் பொய் என்று எடுத்துக்கொண்டு மேலே போகும். பிழைச்செய்தி நூறு வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ரெசிபி வரியில் '[ "$(டீபக்)" = 1 ] && எக்கோ சரி' என்று சுருக்கமாக எழுதினால், டீபக் 1 இல்லாதபோது வரி தோல்விக் குறியோடு முடியும்; மேக் 'எரர் 1' என்று பில்டையே நிறுத்தும். முழு இஃப்-ஃபி எழுதினால் இந்தப் பிரச்சினை வராது.

அமைப்புப் பிழைகள்

இவை எளியவை, மேக்கே சொல்லிவிடும். 'மிஸ்ஸிங் எண்டிஃப்' என்றால் ஒன்று மூடப்படவில்லை. தொடங்கிய கோப்பிலேயே மூட வேண்டும், இன்க்ளூட் செய்த கோப்பில் மூட முடியாது. 'எல்ஸ் இஃப்' என்று எழுதினால் 'எல்ஸ்'க்குப் பின்னால் தேவையற்ற உரை என்று எச்சரிக்கை மட்டும் வரும், அது வெறும் எல்ஸாகிவிடும். சரியானது 'எல்ஸ் இஃப்ஈக்யூ'. அந்த எச்சரிக்கையைக் கண்டும் காணாமல் விட்டுவிடாதீர்கள்.

நிபந்தனை சரி, விளைவு பழையது

எல்லா வார்னிங்கும் சரியாக அச்சாகி, டிரை-ரன்னில் கட்டளையே வரவில்லை என்றால்? மேக் கோப்புகளின் நேர முத்திரையை மட்டுமே ஒப்பிடும். கொடி மாறியதை அது அறியாது. நேற்று -ஓ2 இல் கட்டிய ஆப்ஜெக்ட் கோப்பு (கம்பைலர் தந்த இடைக்கோப்பு) மூலக் கோப்பைவிடப் புதியதாக இருப்பதால் இன்று டீபக்=1 கொடுத்தும் அதைத் தொடாது. 'மேக் --ஆல்வேஸ்-மேக் டீபக்=1' ஓட்டிப் பாருங்கள்; '-ஜி' வந்தால் உங்கள் நிபந்தனையில் குற்றமே இல்லை. 4.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் '--டிரேஸ்' ஒவ்வொரு டார்கெட்டும் ஏன் மீண்டும் கட்டப்பட்டது என்று சொல்லும்.

டீபக்குக்கு ஓர் அடைவு, ரிலீஸுக்கு ஓர் அடைவு என்று ஆப்ஜெக்ட் கோப்புகளைப் பிரித்து வைத்தால் இந்தக் குழப்பம் திரும்ப வராது. அடைவின் பெயரையே வகை மாறியிலிருந்து அமையுங்கள்: 'அடைவு := பில்ட்/$(வகை)'. அப்படி அமைக்கும்போது தவறான பெயர் உள்ளே வராமல் ஒரு காவலும் வையுங்கள்:

    இஃப்என்ஈக்யூ ($(ஃபில்டர்-அவுட் டீபக் ரிலீஸ்,$(வகை)),)
    $(எரர் தெரியாத வகை: [$(வகை)])
    எண்டிஃப்

இனி யாராவது எழுத்துப்பிழையோடு தட்டினால் பில்ட் அங்கேயே நிற்கும்.

திருத்தியதும் சோதிக்க

சிக்கலான நிபந்தனையை மட்டும் தனிக் கோப்பில் வெட்டி ஒட்டுங்கள். மாறியின் வரையறை, நிபந்தனை, ஒவ்வொரு கிளையிலும் ஒரு இன்ஃபோ, கடைசியில் 'ஆல்: ;' என்ற வெற்று விதி. பத்து வரிக்குள் முடியும். 'மேக் -எஃப்' கொடுத்து அந்தக் கோப்பை ஆறு விதமாக ஓட்டுங்கள்: மாறி தராமல், வெறுமையாக, 0, 1, அறியாத ஒரு சொல், கடைசியாகச் சூழல் மாறி வழியாக 1. ஆறுக்கும் நீங்கள் எதிர்பார்க்கும் கிளையை முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டு ஓட்டுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால், வந்ததெல்லாம் சரி என்றே தோன்றும்.

முடிந்ததும் வார்னிங் வரிகளை எடுத்துவிடுங்கள், ஆனால் இந்த ஒரு விதியைக் கோப்பின் கடைசியில் விட்டுவையுங்கள்:

    பிரின்ட்-%: ; @: $(இன்ஃபோ $*=[$($*)] மூலம்=$(ஆரிஜின் $*))

'மேக் பிரின்ட்-சிஃப்ளாக்ஸ் டீபக்=1' என்று தட்டினால் அந்த மாறியின் மதிப்பும் மூலமும் வந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது காட்டுவது கோப்பு முழுவதும் படித்து முடிந்த பிறகு உள்ள மதிப்பு. நடுவில் உள்ள ஒரு நிபந்தனை பார்த்த மதிப்பு வேறாக இருக்கலாம். அதற்கு அந்த வரிக்கு மேலே வார்னிங் வைத்துத்தான் ஆக வேண்டும்.